பாரிஸ் இன்னும் தூரம்

பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அதன் பெயர் போ. தமிழ் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் நிஜமாகவே அதுதான் பெயர். 1980 ஜூலையில் ஒரு ராத்திரி, அந்த ஊர் ஹோட்டலிலிருந்து பெர்னார் இனோ பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் கிளம்பிப் போய்விட்டார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பாதி வழி அது. முந்தைய இரண்டு வருஷமும் ஜெயித்தவர் இனோ. அன்றைக்கும் மஞ்சள் சட்டை அவரிடம்தான் இருந்தது. ஆனால் முழங்காலில் தசைநார் வீங்கிப் போயிருந்தது. மறுநாள் காலையில் மலை ஏறியாக வேண்டும். முடியாது என்று தெரிந்ததும் போய்விட்டார்.

இரண்டாம் இடத்தில், வெறும் 21 வினாடி பின்னால் இருந்தவர் யோப் ஸூட்டமெல்க். நெதர்லாந்துக்காரர். வயது 33. காலையில் எழுந்தபோது அவர்தான் முதலிடம். மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்றுவிட்டார். உடம்பு முடியாமல் போன ஒருவரின் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு புறப்பட அவருக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மஞ்சள் சட்டை யார் உடம்பிலும் இல்லாமலே பந்தயம் நடந்தது. அந்த நாள் ஓட்டத்தை முடித்த பிறகுதான் அதைப் போட்டுக்கொண்டார். பாரிஸ் வரைக்கும் கழற்றவில்லை.

ஆக, 1980-ன் டூரை ஜெயித்தவர் ஸூட்டமெல்க். எல்லாப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் சைக்கிள் பந்தயம் பார்க்கிற ஆட்களிடம் 1980 என்று சொல்லிப் பாருங்கள். 'இனோவுக்கு முட்டி போன வருஷம்' என்பார்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரக் குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

சைக்கிள் பந்தயத்தின் கணக்கு தெரியாதவர்களுக்கு இரண்டே வார்த்தை. டூர் டி பிரான்ஸ் ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்டேஜ். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருடைய மொத்தம் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காமல் டூரை ஜெயிக்கலாம். பத்து ஸ்டேஜ் ஜெயித்தும் டூரைத் தோற்கலாம்.

இன்னொரு விஷயம் காற்று. சைக்கிள்காரனின் பெரிய எதிரி மேடு இல்லை, காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அதனால் இந்த விளையாட்டில் 'பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது' திறமையும்தான், வசவும்தான். சக்கரத்தை உறிஞ்சுகிறவன் என்று ஐரோப்பியர்கள் திட்டுவார்கள். நம்ம ஊரில் ஒட்டுண்ணி என்போமே, அந்த அர்த்தம்.

ஸூட்டமெல்கை அப்படித்தான் திட்டினார்கள். அந்தக் காலத்தில் புழங்கிய ஒரு கிண்டல்: எல்லாரும் வெயிலில் கறுத்துப்போய் பாரிஸ் வந்து சேரும்போது இவர் மட்டும் ஏன் வெளுப்பாகவே இருக்கிறார்? மூன்று வாரமும் மெர்க்ஸின் நிழலிலேயே ஓட்டியதால்.

நல்ல ஜோக்தான். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். எடி மெர்க்ஸ் மலையேறும்போது அவர் நிழல் விழுகிற தூரத்திலேயே மூன்று வாரம் இருக்க எத்தனை பேரால் முடிந்தது?

*

ஸூட்டமெல்க் என்றால் டச்சு மொழியில் இனிப்புப் பால் என்று அர்த்தம். 1946 டிசம்பரில் தி ஹேக் நகரில் பிறந்து, ரைப்வேட்டரிங் என்ற சின்ன கிராமத்தில் வளர்ந்தார். வாய்க்கால்களும் புல்வெளிகளும் கொண்ட தட்டையான மண். மலை என்றால் படத்தில் பார்த்தால்தான் உண்டு. இளவயதில் தச்சு வேலை பார்த்தார். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஓட்டம், பிறகு சைக்கிள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நான்கு பேர் சேர்ந்து ஓட்டும் அணிப் பந்தயத்தில் நெதர்லாந்துக்குத் தங்கம் கிடைத்தது. அந்த நால்வரில் இவரும் ஒருவர். காற்றைப் பங்கு போட்டுக்கொள்கிற பந்தயம் அது. மாறி மாறி ஒவ்வொருவரும் முன்னால் வந்து அடி வாங்க வேண்டும். ஒட்டுண்ணிக்கு அங்கே இடமில்லை.

அதே 1968-ல் யான் யான்சன் டூரை ஜெயித்த முதல் டச்சுக்காரர் ஆனார். ஸூட்டமெல்க் 1970-ல் தொழில்முறைக்கு வந்தார். வந்த முதல் வருஷமே டூரில் இரண்டாம் இடம். மெர்க்ஸுக்கும் அவருக்கும் இடைவெளி 12 நிமிடத்துக்கு மேல். முதல் டூரிலேயே இரண்டாவது என்றால் அடுத்தது முதலிடம்தானே என்று யாருக்கும் தோன்றும். அந்த 'அடுத்தது' வருவதற்குப் பத்து வருஷம் ஆனது.

*

இப்போது 1971-க்குப் போக வேண்டும். 1980-ன் சாவி அங்கேதான் இருக்கிறது.

அந்த வருஷம் மெர்க்ஸை உண்மையிலேயே ஆட்டம் காண வைத்தவர் லூயிஸ் ஒகாஞா என்ற ஸ்பெயின்காரர். ஆல்ப்ஸ் மலையில் ஒரே நாளில் மெர்க்ஸைவிட எட்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து மஞ்சள் சட்டையைப் பிடுங்கினார். யாரிடமிருந்து? ஒரே ஒரு நாள் அதை அணிந்திருந்த நம்ம ஸூட்டமெல்கிடமிருந்து. மெர்க்ஸ் யுகம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1971 ஜூலை 12. பிரனீஸில் கோல் த மாந்தே என்ற கணவாய். திடீரென்று இடி, மழை, ஆலங்கட்டி. இறக்கத்தில் ரோடு வாய்க்காலாக ஓடியது. மெர்க்ஸ் வழுக்கி விழுந்தார், எழுந்து போனார். பின்னால் வந்த ஒகாஞாவும் விழுந்தார். அவர் எழுந்து நிற்பதற்குள் மேலேயிருந்து பிரேக் பிடிக்காமல் வந்த ஒரு சைக்கிள் அவர்மேல் மோதியது. அதை ஓட்டி வந்தவர் ஸூட்டமெல்க். வேண்டுமென்று செய்ததில்லை. அந்தத் தண்ணீரில் யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஒகாஞாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏழு நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் இருந்தவரின் டூர் அங்கேயே முடிந்தது.

மறுநாள் மெர்க்ஸ் என்ன செய்தார் தெரியுமா? மஞ்சள் சட்டையைப் போட மறுத்தார். விழுந்த ஆளுக்குக் கொடுத்த மரியாதை. கடைசியில் மெர்க்ஸ் ஜெயித்தார். ஸூட்டமெல்க் மறுபடியும் இரண்டாவது.

இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1971-ல் முன்னிலையில் இருந்தவர் வெளியேறுகிறார், அடுத்தவர் சட்டையை மறுக்கிறார், பிறகு ஜெயிக்கிறார். 1980-லும் அதேதான். வித்தியாசம் என்னவென்றால் 1971-ல் இடைவெளி ஏழு நிமிடத்துக்கு மேல், 1980-ல் 21 வினாடி. கணக்குப்படி பார்த்தால் நட்சத்திரக் குறி மெர்க்ஸ் பெயருக்குத்தான் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் இன்றைக்கு மெர்க்ஸ் ஜெயித்தது ஐந்து டூர் என்றுதான் எல்லாரும் எண்ணுகிறோம். நாலே முக்கால் என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை.

ஸூட்டமெல்குக்கு மட்டும் அது ஓசி வெற்றி.

*

நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் இந்த மனிதர் புரியமாட்டார்.

1974 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் மெர்க்ஸையே தோற்கடித்து முதலிடம் வந்தார். இந்த வருஷம் டூரில் ஏதோ நடக்கப்போகிறது என்ற நிலை. மே மாதம் பிரான்சின் தெற்கே மிடி லிப்ர் பந்தயத்தில், வல்ராஸ் பிளாஜ் என்ற கடற்கரை ஊரில், எல்லைக்கோட்டுக்குக் கிட்டே நிறுத்தி வைத்திருந்த ஒரு காரில் போய் மோதினார். அங்கே கார் நிற்கிறது என்று ஓட்டி வருகிறவர்களை எச்சரிக்க எதுவும் இல்லை. மண்டை ஓட்டில் முறிவு. உயிர் பிழைத்ததே பெரிது. அந்தக் காயத்தோடு மூளைக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷ டூர் போயிற்று. நாக்கில் ருசி குறைந்துபோய், பழையபடி திரும்பவே இல்லை.

1975-ல் திரும்பி வந்தார். பாரிஸ்–நீஸ் மறுபடியும் அவருக்கே, மெர்க்ஸ் இரண்டாவது. டூரில் நான்காவது. 1976-ல் ஆல்ப் டுவேஸ் மலையின் 21 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஸ்டேஜை ஜெயித்தார், 1979-லும் அங்கே ஜெயித்தார். 1976-க்கும் 1989-க்கும் நடுவே டச்சுக்காரர்கள் எட்டு முறை அந்த மலையில் ஜெயித்தார்கள். மேடே இல்லாத நாட்டுக்காரர்கள் ஜெயித்து ஜெயித்தே அதற்கு 'டச்சு மலை' என்று பெயர் வந்துவிட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். ஆனால் 1976-ன் மொத்தக் கணக்கில்? லூசியன் வான் இம்ப முதலிடம், ஸூட்டமெல்க் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் அவருடைய அணியைச் சேர்ந்த, 40 வயதான ரேமோன் பூலிடோர்.

இந்தப் பூலிடோரைப் பற்றிச் சொல்லாமல் இரண்டாமிடத்தைப் பற்றிப் பேச முடியாது. பிரெஞ்சுக்காரர்களின் செல்லப்பிள்ளை. டூரை ஒரு தடவையும் ஜெயித்ததில்லை, ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை போட்டதில்லை. இரண்டாமிடம் மூன்று முறை, மூன்றாமிடம் ஐந்து முறை. தோற்கத் தோற்க ஜனங்களுக்கு அவர்மேல் பாசம் கூடியது. ஸூட்டமெல்க் மொத்தம் ஆறு முறை இரண்டாவது. அந்தப் பாசத்தில் கால்வாசி அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்பவனிலும் நமக்கு ஒரு மாதிரி ஆள்தான் பிடிக்கிறது. மோதிச் சிதறித் தோற்க வேண்டும், அழுதாலும் நல்லது. கணக்குப் போட்டு, வாயை மூடிக்கொண்டு, அளவோடு ஓட்டி, 'சரி, இரண்டாவது' என்று வந்து நிற்கிறவன்மேல் நமக்குக் கதை எழுத வரமாட்டேன் என்கிறது.

1978-ல் மிஷெல் பொலென்டியே என்ற பெல்ஜியக்காரர் ஆல்ப் டுவேஸில் மஞ்சள் சட்டையைப் பிடித்தார். ஊக்கமருந்து சோதனையில் வேறு யாருடைய சிறுநீரையோ ரப்பர் குழாய் வழியே கொடுக்கப் பார்த்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். மஞ்சள் சட்டை ஸூட்டமெல்குக்கு வந்தது, இனோ 14 வினாடி பின்னால். கடைசியில், மெட்ஸிலிருந்து நான்சி வரையான தனிநபர் நேர ஓட்டத்தில், 23 வயசு இனோ அவரைவிட நான்கு நிமிடத்துக்கும் மேல் வேகமாக வந்து சட்டையை எடுத்துக்கொண்டார். மெர்க்ஸ் போனார் என்று மூச்சு விடுவதற்குள் இனோ. ஒரு தலைமுறையில் இரண்டு ராட்சசர்கள், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தச்சர்.

*

ஸூட்டமெல்குக்காக வாதாட உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் அது நேர்மையில்லை. 1977, 1979, 1983, மூன்று டூரிலும் ஊக்கமருந்து சோதனையில் அவர் சிக்கினார். 1979-ன் கதை விசித்திரமானது. பொதுவாகக் கடைசி நாளில் பாரிஸுக்குள் ஊர்வலம் மாதிரி போவார்கள், தலைவரை யாரும் தாக்கமாட்டார்கள். அந்த வருஷம் ஸூட்டமெல்க் தாக்கினார். இனோ விடாமல் துரத்திப் பிடிக்க, முதலாவதும் இரண்டாவதுமாக இருந்த இருவர் மட்டும் தனியாக ஷாம்ஸ் எலிஸே சாலைக்குள் வந்தார்கள். ஸ்டேஜும் இனோவுக்கே போயிற்று. 'ஒட்டுண்ணி' தன் வாழ்க்கையிலேயே மிகத் துணிச்சலாக எதிர்த்து ஓட்டிய நாள் அது. பிறகுதான் நான்ட்ரலோன் இருந்தது தெரிந்தது. அந்தக் காலத் தண்டனை பத்து நிமிடம். 3 நிமிடம் 7 வினாடியாக இருந்த இடைவெளி 13 நிமிடம் 7 வினாடி ஆனது. அப்படியும் இரண்டாமிடம் போகவில்லை, ஏனென்றால் மூன்றாவது ஆள் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருந்தார்.

இன்றைய விதிப்படி இதற்குப் பல வருஷத் தடை கிடைக்கும். அந்தக் கால வழக்கம் அப்படி என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. நட்சத்திரக் குறி போட வேண்டிய இடம் ஒன்று அவர் வாழ்க்கையில் உண்டு என்றால் அது இதுதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், ஜனங்கள் குறி போட்டது இதற்கில்லை. மெர்க்ஸும் 1969 இத்தாலிப் பந்தயத்தில் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டவர்தான். மருந்தை மன்னித்துவிட்டார்கள். பின்சக்கரத்தைப் பிடித்து வந்ததை மட்டும் மன்னிக்கவில்லை.

*

1980-க்கு அவர் புது அணிக்குப் போனார். பீட்டர் போஸ்ட் நடத்திய டிஐ–ராலி. இந்த 'டிஐ' சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த எழுத்துதான். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற அதே ஆங்கிலேயக் கம்பெனி, முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் டிஐ சைக்கிள்ஸ். அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்து நம் தாத்தாக்களுக்கு விற்ற கம்பெனி. அந்த இரண்டெழுத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டுதான் ஸூட்டமெல்க் அந்த டூருக்கு வந்தார்.

இனோ போவதற்கு முன்னால் நடந்த ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். லாப்ளூம் என்ற ஊரில் தனிநபர் நேர ஓட்டம் நடந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளம்பும் பந்தயம், ஒட்டிக்கொள்ள யார் சக்கரமும் இருக்காது. இனோவின் கோட்டை அது. அதில் முதலாவது ஸூட்டமெல்க், இனோ ஐந்தாவது. இனோ போன பிறகு சாந்த் எத்தியேனில் நடந்த இன்னொரு நேர ஓட்டத்திலும் முதலாவது அவரே. பாரிஸில் இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் 6 நிமிடம் 55 வினாடி இடைவெளி. நிழலில் ஓட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர், நிழலே இல்லாத இரண்டு நாளில்தான் அந்த டூரைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

இனோவுக்கு முட்டி சரியாக இருந்திருந்தால்? இருந்திருக்கலாம். அதே வருஷம் அவர் குணமாகி வந்து உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் டூர் டி பிரான்ஸ் ஒரு நாள் வேகத்தைச் சோதிக்கிற பந்தயம் இல்லை. மூன்று வாரம் முட்டி தாங்குமா, நுரையீரல் தாங்குமா, மழையில் விழாமல் வருவாயா என்று கேட்கிற பந்தயம். முட்டி தாங்காதவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸூட்டமெல்க் மொத்தம் 16 முறை டூரில் கலந்துகொண்டார். பதினாறையும் முடித்தார். ஒரு வருஷம்கூட நடுவில் இறங்கவில்லை. கூட்டினால் 62,000 கிலோமீட்டருக்கு மேல், பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றியதற்குச் சமம். 2018-ல்தான் சில்வான் ஷவனேல் என்ற பிரெஞ்சுக்காரர் பதினாறு முறை முடித்து அவரைத் தொட்டார். அதற்கு ஷவனேல் பதினெட்டு முறை கிளம்ப வேண்டியிருந்தது.

போ நகரத்தில் ஸூட்டமெல்குக்குக் கிடைத்தது பரிசு இல்லை. வந்து நின்றவனுக்குக் கிடைத்த கூலி.

*

கதை இங்கேயே முடிந்திருந்தால் இந்த வாதத்தில் கொஞ்சம் இழுபறி இருந்திருக்கும். 1985 அதையும் தீர்த்து வைத்தது.

இத்தாலியில் ஜியாவெரா தெல் மொன்டெல்லோ. உலகச் சாம்பியன் பந்தயம், 265 கிலோமீட்டர். ஸூட்டமெல்குக்கு 38 வயது. முந்தைய வருஷம் டூரில் முப்பதாவது இடம். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முடிவுக்கு வந்த சிறு கூட்டத்தில் 24 வயசு க்ரெக் லெமாண்ட் இருந்தார், சொந்த மண்ணில் ஓட்டிய மொரேனோ அர்ஜென்டின் இருந்தார். கோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது ஸூட்டமெல்க் சட்டென்று முன்னால் பாய்ந்தார். துரத்த வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ போய் காற்றை வாங்கு, நான் உன் பின்னால் வருகிறேன் என்ற கணக்கு. பதினைந்து வருஷம் ஸூட்டமெல்க் போட்டதாகச் சொல்லப்பட்ட அதே கணக்கு. எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் தனியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தார்.

தொழில்முறை உலகச் சாம்பியன்களில் அவ்வளவு வயதில் ஜெயித்தவர் இன்று வரை வேறு யாரும் இல்லை. இந்த வெற்றியில் யாருக்கும் முட்டி போகவில்லை. 1987-ல், 40 வயதில், தன் நாட்டின் பெரிய பந்தயமான ஆம்ஸ்டெல் கோல்டையும் ஜெயித்துவிட்டு சைக்கிளைவிட்டு இறங்கினார்.

டூரின் முதல் வாரத்தில் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு வந்து, இந்த முறை நீங்கள்தானா என்று கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில் இருந்தது: பாரிஸ் இன்னும் தூரம். தப்பித்துக்கொள்கிறார், தைரியமில்லை என்று அதையும் கேலி செய்தார்கள். பிறகு நெதர்லாந்தில் அது பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. அவசரப்படாதே, முடிவு இன்னும் வரவில்லை என்பதற்கு இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். அவரையும் யான்சனையும் விட்டால் ஆண்கள் டூரை ஜெயித்த டச்சுக்காரர் வேறு யாரும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு சேர்ந்து பிரான்சில் ஒரு ஹோட்டல் நடத்தினார். நாக்கில் பாதி ருசி போனவர் ஊருக்குச் சோறு போட்டார். அந்த ஹோட்டல் இருந்த ஊர் மோ. பாரிஸுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் முன்னால்.